ஆர்-ஸ்கொயர் 0.98 இருந்தும் பட்டறையில் வெட்டு விசை ஏன் ஒத்துப்போகவில்லை?

காரைக்குடியில் எம்.இ. இறுதியாண்டு படிக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. இஎன்-8 எஃகுப் பட்டையில், 12 மி.மீ. விட்டமும் நான்கு பற்களும் உள்ள கார்பைடு எண்ட் மில் என்ற சுழன்று வெட்டும் கருவியைக் கொண்டு 27 சோதனைகள் செய்திருக்கிறார். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 80, 120, 160 மீட்டர். பல்லுக்கான ஃபீட் (ஒவ்வொரு பல்லுக்கும் கருவி முன்னேறும் தூரம்) 0.05, 0.10, 0.15 மி.மீ. அச்சு ஆழம் (கருவியின் அச்சுத் திசையில் வெட்டும் ஆழம், கீழே வெறும் "ஆழம்" என்பது இதுதான்) 0.5, 1.0, 1.5 மி.மீ. பக்க ஆழம் (பக்கவாட்டில் வெட்டும் அகலம்) எல்லாவற்றுக்கும் 6 மி.மீ. மென்பொருளில் இருபடிச் சமன்பாட்டைப் பொருத்தியபோது ஆர்-ஸ்கொயர் 0.98 வந்திருக்கிறது. பிறகு, விசையை அளந்த அதே டைனமோமீட்டரைத் தேவகோட்டை சாலையில் உள்ள ஒரு பட்டறைக்கு எடுத்துச் சென்று ஐந்து முறை வெட்டிப் பார்த்திருக்கிறார். ஐந்திலும், அளந்த விசை கணித்ததைவிட 15 முதல் 30 சதவீதம் அதிகம். "நியூரல் நெட்வொர்க் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்டு முடிக்கிறார்.

ஆகாது, தம்பி. உங்கள் சமன்பாட்டில் பெரிய கோளாறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கோளாறு சோதனையை அமைத்த விதத்தில் இருக்கிறது. அதை எந்த மென்பொருளாலும் பின்னால் வந்து திருத்த முடியாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அந்த 0.98. ஆர்-ஸ்கொயர் என்பது கணிப்பு எவ்வளவு துல்லியம் என்று சொல்லும் எண் அல்ல. தரவில் உள்ள மொத்த ஏற்ற இறக்கத்தில் எத்தனை பங்கைச் சமன்பாடு விளக்கிவிட்டது என்பதே அது. மொத்த ஏற்ற இறக்கத்தைப் பெரிதாக்கிவிட்டால் ஆர்-ஸ்கொயர் தானாக உயரும். நீங்கள் ஆழத்தை 0.5-இலிருந்து 1.5 வரை மூன்று மடங்காக்கியிருக்கிறீர்கள், ஃபீடையும் மூன்று மடங்காக்கியிருக்கிறீர்கள். ஆழம் மூன்று மடங்கானால் விசையும் ஏறக்குறைய மூன்று மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அந்தத் தெரிந்த சேதியை விளக்கியதற்குத்தான் மென்பொருள் உங்களுக்கு 0.98 கொடுத்திருக்கிறது.

கணக்காகவே பார்த்துவிடலாம். விசையின் இயற்கை மடக்கையை எடுத்துக்கொள்வோம். ஆழத்தின் அடுக்கு 1, ஃபீடின் அடுக்கு 0.75 என்று வைத்தால், உங்கள் நிலைகளால் மட்டும் வரும் பரவற்படி (ஏற்ற இறக்கத்தின் அளவு) ஆழத்துக்குச் சுமார் 0.21, ஃபீடுக்குச் சுமார் 0.12, ஆக மொத்தம் 0.32-ஐ ஒட்டி வரும். ஆர்-ஸ்கொயர் 0.98 என்றால், விளக்கப்படாமல் எஞ்சிய பரவற்படி ஏறக்குறைய 0.0064. அதன் வர்க்கமூலம் 0.08. அதாவது ஒவ்வொரு அளவீடும் சமன்பாட்டிலிருந்து வழக்கமாக 8 சதவீதம் விலகுகிறது. இனி ஒரு புதிய வெட்டுக்கு 95 சதவீத முன்கணிப்பு இடைவெளி போட்டால், 27 தரவுக்கும் இந்த மடக்கை வடிவத்தின் நான்கு கெழுக்களுக்கும், ஏறக்குறைய 16 சதவீதம் கீழேயும் 19 சதவீதம் மேலேயும் வரும். சமன்பாடு 500 நியூட்டன் என்று சொன்னால், நேர்மையாகச் சொல்ல வேண்டியது "420-க்கும் 600-க்கும் நடுவில் எங்கோ" என்பதுதான். 0.98 என்ற எண்ணைப் பார்த்ததும் மனத்தில் எழும் துல்லியம் வேறு, உண்மையில் கையில் உள்ள துல்லியம் வேறு.

நம் ஊர் பழைய வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள், கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருக்கும். அந்தப் பளபளப்பு கடைசிப் பூச்சில் மட்டும் வந்ததில்லை, அடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட சுண்ணாம்புப் பூச்சுகள் சரியாக இருந்ததால் நின்றது. ஆர்-ஸ்கொயர் அந்தக் கடைசி மெருகு. அதை மட்டும் பார்த்துச் சுவரை மதிப்பிடக் கூடாது.

ஆனால் உங்கள் சிக்கலில் இன்னொரு பாதி இருக்கிறது, அதுதான் முக்கியமானது. 15 சதவீத விலகலை மேலே சொன்ன இடைவெளி விழுங்கிவிடும். ஆனால் ஐந்தும் ஒரே பக்கமாக, அளந்தது அதிகமாக, விலகியிருக்கிறதே! வெறும் தற்செயல் என்றால் சில மேலே, சில கீழே சிதறியிருக்க வேண்டும். ஐந்தும் மேலே விழுவதற்கு 32-இல் 1 வாய்ப்புதான். ஆகவே கல்லூரிக் கூடத்துக்கும் பட்டறைக்கும் இடையில் ஏதோ ஒன்று முறையாக மாறியிருக்கிறது, அந்த ஒன்று உங்கள் சமன்பாட்டில் இல்லை. அது எது என்று தேடும் முன், சமன்பாட்டின் வடிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தேடுவதற்கு அது உதவும்.

மென்பொருள் தந்த இருபடிச் சமன்பாட்டை எடுத்துக்கொண்டது ஏன் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "மென்பொருளில் அதுதான் முதலில் இருந்தது". அந்த வடிவத்துக்கு நல்ல குலம் உண்டு. 1951-இல் பாக்ஸும் வில்சனும் வேதித் தொழிலில் உகந்த நிலையைத் தேடுவதற்காக எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. (மறு ஆண்டுதான் வள்ளல் அழகப்பர் காரைக்குடியில் பொறியியல் கல்லூரியைத் தொடங்கினார். இரண்டுக்கும் வயது ஏறக்குறைய ஒன்று.) உச்சிக்கு அருகில் நின்றுகொண்டு மலையின் வளைவைப் பார்ப்பதற்கு இருபடி நல்ல கருவி. வெட்டு விசைக்கு அப்படி உச்சி கிடையாது. ஆழம் கூடினால் விசை கூடும், ஃபீட் கூடினால் கூடும், அவ்வளவுதான். ஆழம் பூஜ்யம் என்றால் விசையும் பூஜ்யம் என்ற எளிய உண்மையைக்கூட உங்கள் இருபடிச் சமன்பாடு மதிக்காது. அதில் ஆழத்துக்குப் பூஜ்யம் போட்டுப் பாருங்கள். எதிர்மறை விசைகூட வரலாம்.

உலோக வெட்டில் வடிவம் ஏற்கெனவே தெரியும். அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1907-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையிலேயே அடுக்கு விதிகள் இருக்கின்றன. ஜெர்மனியில் கீன்ஸ்லே 1952-இல் அதைச் சீராக எழுதினார். ஒரு மி.மீ. அகலமும் ஒரு மி.மீ. தடிப்பும் உள்ள சீவலை வெட்டத் தேவையான விசையை அடிப்படையாக வைத்து, தடிப்பு குறையக் குறைய ஒரு சதுர மி.மீ.-க்கான விசை கூடுவதை ஓர் அடுக்கால் காட்டினார். மில்லிங்கில் சீவலின் தடிப்பு பல் திரும்பத் திரும்ப மாறும். மார்ட்டெலாட்டி 1941-இல் பல்லின் பாதையைக் கணக்கிட்டுக் காட்டியபடி, ஃபீடைக் கோணத்தின் சைன் மதிப்பால் பெருக்கினால் நடைமுறைக்குப் போதுமான தடிப்பு கிடைக்கும்.

உங்கள் வெட்டுக்கே போட்டுப் பார்க்கலாம். சாதாரணக் கார்பன் எஃகுக்குக் கருவிக் கையேடுகளில் காணப்படும் வகை மதிப்பாக 1700 நியூட்டன், அடுக்கு 0.25 என்று வைப்போம். கையேட்டுக்குக் கையேடு இது மாறும், கணக்குக்காக இதை எடுத்துக்கொள்கிறேன். ஃபீட் 0.10, ஆழம் 1.0, பக்க ஆழம் 6. விட்டத்தில் பாதி என்பதால், நான்கு பற்களில் எந்நேரமும் ஒன்றுதான் எஃகுக்குள் இருக்கும். சீவலின் அதிகபட்சத் தடிப்பு 0.10 மி.மீ. அந்த இடத்தில் தொடுகோட்டு விசை சுமார் 300 நியூட்டன். ஒரு சுற்று முழுவதுக்கும், சீவலின் சராசரித் தடிப்பை வைத்துச் சராசரி எடுத்தால் சுமார் 215 நியூட்டன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். ஒரே வெட்டு, ஒரே பல், ஒரே எஃகு. உச்சத்தைக் கேட்டால் 300, சராசரியைக் கேட்டால் 215. வித்தியாசம் 40 சதவீதம். உங்கள் அறிக்கையில் "வெட்டு விசை" என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது உச்சமா, சராசரியா, வர்க்கச் சராசரி மூலமா? ஒரு திசை விசையா, மூன்று திசைகளின் கூட்டு விசையா? கல்லூரியில் ஒன்றை எடுத்துப் பட்டறையில் இன்னொன்றை எடுத்திருந்தால் உங்கள் 30 சதவீதம் அங்கேயே முடிந்துவிட்டது. முதலில் இதைப் பாருங்கள். இது இல்லை என்று உறுதியான பிறகுதான் மற்றவை.

உச்சத்தை எடுப்பவர்களுக்கு இன்னோர் ஆபத்து உண்டு. நிமிடத்துக்கு 120 மீட்டர் வேகத்தில் உங்கள் கருவி 3183 முறை சுற்றும். நான்கு பற்கள் என்பதால், நொடிக்கு 212 முறை பல் வந்து எஃகைத் தட்டும். 160 மீட்டரில் அது 283 ஆகும். தட்டும்போது விசை திடீரென்று ஏறி இறங்குவதால், இவற்றின் மடங்குகளும் சமிக்ஞையில் இருக்கும். டைனமோமீட்டர் தனியாக இருக்கும்போது இயல் அதிர்வெண் 2000 ஹெர்ட்ஸுக்கு மேல் என்று விவரத்தாளில் போட்டிருக்கலாம். அதன் மேல் வைஸையும் நாலு கிலோ எஃகையும் ஏற்றிப் பட்டறை மேசையில் பூட்டினால் அது இறங்கிவிடும். ஒரு மடங்கு அதனருகே போய்விட்டால், நீங்கள் அளப்பது வெட்டு விசையை அல்ல, டைனமோமீட்டரின் துள்ளலை. பூட்டிய நிலையிலேயே சிறு சுத்தியலால் தட்டி, எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். சராசரி விசைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. மாதிரி அமைக்க நான் சராசரியையே பரிந்துரைப்பேன். கருவி வளைவது பற்றியோ பல் உடைவது பற்றியோ கவலை இருந்தால் உச்சத்தைத் தனியாக அடுத்த கட்டத்தில் பாருங்கள்.

பிசோ மின் வகை (அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகம் உள்ள) டைனமோமீட்டர் என்றால் ஈரத்தையும் கவனிக்க வேண்டும். அதன் கம்பி இணைப்பில் கூலண்டின் ஈரமோ ஐப்பசி மழையின் ஈரப்பதமோ இறங்கினால் மின்னூட்டம் கசியும். விசை இல்லாதபோதும் அடிக்கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும். வெட்டுக்கு முன்னும் பின்னும் காற்றில் சுற்றும் சில நொடிகளையும் சேர்த்துப் பதிவு செய்தால், இரு முனைகளையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து நகர்வைக் கழித்துவிடலாம். திரிபுமானி (ஸ்ட்ரெய்ன் கேஜ்) வகை என்றால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அதே வேலை செய்ய வேண்டியிருக்கும், காரணம் மட்டும் வேறு.

இனி தேய்மானம். என் சந்தேகம் முதலில் இங்கேதான் போகிறது. கல்லூரியில் நீங்கள் புதுக் கருவியில் தொடங்கியிருப்பீர்கள். பட்டறையில் எப்படி நடக்கும் என்று தெரியுமல்லவா? மெஷினில் நிற்கும் அண்ணன் எண்ட் மில்லைக் கழற்றி, விளிம்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, நகத்தின் மேல் வைத்து லேசாக இழுத்துப் பார்ப்பார். நகத்தைச் சீவினால் கருவி இன்னும் ஓடும், வழுக்கினால் மாற்ற வேண்டும். அவருடைய வேலைக்கு அந்தச் சோதனை போதும். ஆனால் அந்த நகம் சொல்லும் "ஓடும்" என்ற நிலையில், பல்லின் பின்முகத்தில் ஏற்கெனவே ஒரு பளபளப்பான பட்டை விழுந்திருக்கும். ஐ.எஸ்.ஓ. 8688 மில்லிங் கருவியின் ஆயுள் முடிவாக எல்லாப் பற்களின் சராசரியில் 0.3 மி.மீ. பட்டையை எடுத்துக்கொள்கிறது. அதில் பாதிப் பட்டை விழுந்தாலே உராய்வு விசை கணிசமாகக் கூடிவிடும்.

தேய்மானம் விசையை எப்படிக் கூட்டுகிறது என்பதில் ஒரு துப்பு இருக்கிறது. சராசரி விசையை ஃபீடுக்கு எதிராக வரைந்து பாருங்கள். கோடு பூஜ்யத்தில் போய் முடியாது, ஃபீட் பூஜ்யமான இடத்திலும் கொஞ்சம் விசை மீதி நிற்கும். அந்த மீதிதான் விளிம்பு எஃகை வெட்டாமல் தேய்ப்பதற்கு ஆகும் விசை. கோட்டின் சாய்வு, சீவலைக் கத்தரிப்பதற்கு ஆகும் விசை. விளிம்பு தேயும்போது பெரும்பாலும் மீதி கூடும், சாய்வு அதிகம் மாறாது. எஃகு கடினமானால் சாய்வும் சேர்ந்து கூடும். அடுக்கு விதியில் ஃபீடின் அடுக்கு 1-க்குக் கீழே வருவதற்கும் இந்தத் தேய்ப்பு ஒரு காரணம்.

ஆகவே உங்கள் ஐந்து வெட்டுகளையும் ஃபீட் வரிசையில் அடுக்குங்கள். 0.05-இல் 30 சதவீதம் அதிகம், 0.15-இல் 15 சதவீதம் அதிகம் என்று ஃபீட் கூடக் கூட விலகல் சதவீதம் குறைந்தால், தேய்ந்த விளிம்பைப் பிடித்துவிட்டீர்கள். எல்லா ஃபீடிலும் ஏறக்குறைய ஒரே சதவீதம் என்றால், எஃகின் கடினத்தையோ அளவுத்திருத்தத்தையோ சந்தேகப்படுங்கள். உச்சத்தை எடுத்திருந்து, சிறு ஃபீடில் மட்டும் தாறுமாறாக இருந்தால் கருவியின் ஆட்டம், அதாவது கருவி மையம் தப்பிச் சுற்றுவது. கருவியைப் பிடிக்கும் பழைய காலெட்டில் 10 மைக்ரான் ஆட்டம் சாதாரணம். 0.05 மி.மீ. ஃபீடில் அது ஐந்தில் ஒரு பங்கு. ஒரு பல் அதிகமாகத் தின்னும், எதிர்ப்பல் பட்டினி கிடக்கும். சமிக்ஞையில் நான்கு உச்சிகளும் சம உயரமாக இல்லாமல், சுற்றுக்கு ஒரு முறை ஏறி இறங்குவதைக் கண்ணாலேயே காணலாம். சராசரி இதில் அவ்வளவாகப் பாதிக்கப்படாது.

தேய்மானம் பட்டறைக்கு மட்டும் உரியதும் அல்ல. உங்கள் 27 சோதனைகளையும் எந்த வரிசையில் செய்தீர்கள்? அட்டவணையில் இருந்த வரிசையிலேயே, ஆழம் 0.5 எல்லாம் முதலில், 1.5 எல்லாம் கடைசியில் என்று செய்திருந்தால், கருவி தேய்ந்ததும் ஆழம் கூடியதும் ஒன்றோடொன்று பின்னிவிட்டன. தேய்மானத்தால் கூடிய விசையையும் ஆழத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். இதற்கும் ஒரு சோதனை உண்டு. மடக்கை எடுத்துப் பொருத்தும்போது ஆழத்தின் அடுக்கு 1-ஐ ஒட்டி வர வேண்டும். 1.15 என்றோ 1.2 என்றோ வந்தால் எஃகு புதிதாக எதையும் சொல்லவில்லை, வரிசைதான் பேசுகிறது. (மூக்கு ஆரம் பெரியதாக இருக்கும் கருவியில் மிகச் சிறிய ஆழத்தில் இந்த விதி பிசகும், அது வேறு.) எச்சங்களை, அதாவது அளந்ததற்கும் கணித்ததற்கும் உள்ள வித்தியாசங்களை, சோதனை நடந்த நேர வரிசையில் வரைந்து பாருங்கள். இடமிருந்து வலமாக மேலே ஏறினால் மறைக்க வழியில்லை.

எஃகைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஎன்-8 என்பது ஒரு பெயர்தானே ஒழிய ஓர் எண் அல்ல. கார்பன் 0.36 முதல் 0.44 சதவீதம் வரை எதுவானாலும் அது இஎன்-8தான். நார்மலைஸ் செய்த நிலையில் கடினம் பிரினெல் அளவுகோலில் 152 முதல் 207 வரை இருக்கலாம். நீங்கள் கல்லூரியில் வெட்டிய 27 துண்டுகளும் அநேகமாக ஒரே பட்டையிலிருந்து அறுத்தவை. அந்த ஒரு பட்டையைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். இஎன்-8 எஃகைப் பற்றி ஒரே ஒரு மாதிரிதான் கையில் இருக்கிறது. அரவை மில்லுக்கும் எண்ணெய்ச் செக்குக்கும் உதிரி பாகம் செய்யும் பட்டறைக்காரர் திருச்சியிலோ மதுரையிலோ அன்றைக்குக் கிடைத்த பட்டையை வாங்கிப் போட்டிருப்பார், முனையில் அடித்த வண்ணத்தை நம்பி. அவரைக் குறை சொல்ல இடமில்லை, நம் மாதிரிதான் அதற்குத் தயாராக இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பட்டைக்கும் கடினத்தை அளந்து அதையும் ஒரு காரணியாகச் சேர்ப்பது பத்து நிமிட வேலை.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, பலர் செய்வது. ஒரே வெட்டில் டைனமோமீட்டர் பல்லாயிரம் புள்ளிகளைத் தருகிறது. அதை மூன்று துண்டாக வெட்டி மூன்று "மறுசோதனை" என்று போடுவார்கள். அது மறுசோதனை ஆகாது. கருவியைக் கழற்றி மாட்டி, வேறு துண்டைப் பூட்டி, மீண்டும் பூஜ்யம் வைத்து வெட்டினால்தான் மறுசோதனை. முதல் வகையில் பிழை பொய்யாகச் சிறுத்துவிடும். மாறுபாட்டுப் பகுப்பாய்வில் எல்லாக் காரணியும் "முக்கியம்" என்று வந்து நிற்கும், வெட்டு வேகமும் வெட்டு வேகத்தின் வர்க்கமும் உட்பட.

சரி, மறுபடி செய்வதானால் எப்படிச் செய்வது? 27 வேண்டியதில்லை, 24 போதும். மடக்கை வடிவத்தை ஏற்றுக்கொண்டால் எழுத வேண்டிய சமன்பாடு இதுதான்:

விசை = மாறிலி × (வெட்டு வேகம்)^அ × (ஃபீட்)^ஆ × (அச்சு ஆழம்)^இ × (கடினம்)^ஈ

இரு பக்கமும் மடக்கை எடுத்தால் நேர்கோட்டுச் சமன்பாடு. இதற்கு நிலைகளைச் சம இடைவெளியில் வைக்கக் கூடாது, சம விகிதத்தில் வைக்க வேண்டும். ஃபீடுக்கு 0.05, 0.087, 0.15. ஆழத்துக்கு 0.5, 0.87, 1.5. வேகத்துக்கு 80, 113, 160. உங்கள் கூடத்தில் பழைய கியர் பெட்டி மில்லிங் மெஷின் மட்டும் இருந்தாலும் கவலை இல்லை. அதன் வேகப் படிகள் பெருக்குத் தொடரில்தான் அமைந்திருக்கும், மடக்கையில் அவை தாமாகவே சம இடைவெளியில் உட்கார்ந்துகொள்ளும். அந்தக் காலத்து வடிவமைப்பாளர் நமக்குச் செய்துவைத்த உபகாரம்.

நான்கு பட்டைகள் வாங்குங்கள், முடிந்தால் இரண்டு கடைகளிலிருந்து. இரண்டு புதுக் கருவிகள். மூன்று காரணிகளின் மேல், கீழ் நிலைகள் சேர்ந்தால் எட்டு மூலைகள். அவற்றை நாலு நாலாக இரண்டு பாதியாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஒரு பாதியை வெட்டுங்கள். ஒவ்வொரு கருவியும் இரண்டு பாதியையும் ஒரு முறை சந்திக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று என இரண்டு நடுப்புள்ளி வெட்டுகள். ஆக, பட்டைக்கு ஆறு, மொத்தம் 24. நடுப்புள்ளி இரண்டும் ஒரே நிலை என்பதால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் உள்ள வித்தியாசம் நேரடியாகத் தேய்மானத்தைக் காட்டும். அதே நடுப்புள்ளிகள், மடக்கை அளவிலும் வளைவு மீதி இருக்கிறதா என்று சோதிக்கவும் உதவும். வளைவு இருந்தால் அப்போது இருபடி உறுப்புகளைச் சேர்க்கலாம், தேவை வந்த பிறகு. மூலைகளின் வரிசையைச் சீட்டுப் போட்டுத் தீர்மானியுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அந்தக் கருவி அதுவரை வெட்டிய மொத்த நீளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அதையும் சமன்பாட்டில் சேர்க்கலாம்.

டகுச்சி எல்-9 என்ற ஒன்பது சோதனை அட்டவணை போதாதா என்று உங்கள் வழிகாட்டி கேட்கக்கூடும். ஒன்பது வெட்டில் முடிந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் அதில் இரு காரணிகள் சேர்ந்து செய்யும் வேலை மூன்றாவது காரணியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிரித்துப் பார்க்க வழி இல்லை. எந்தக் காரணி பெரிது என்று முதல் நோட்டம் விட எல்-9 சரி. விசையை முன்கணிக்க எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

பொருத்தும்போது பட்டையையும் கருவியையும் தற்செயல் விளைவுகளாக வைத்துக் கலப்பு மாதிரி போடுங்கள். ஆர் மொழியிலும் பைத்தானிலும் இது ஓரிரு வரிதான். விடையில் இரண்டு தனித்தனிப் பரவற்படிகள் வரும்: பட்டைக்குப் பட்டை மாறுவது ஒன்று, ஒரே பட்டைக்குள் வெட்டுக்கு வெட்டு மாறுவது இன்னொன்று. நான்கு பட்டையை வைத்து முதலாவதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது, அதன் பருமன் மட்டும் தெரியும். ஆனால் பட்டறைக்காரருக்கு வேண்டிய இடைவெளி, புதுப் பட்டைக்கான இடைவெளி. அதில் இரண்டும் சேர்ந்தாக வேண்டும்.

மடக்கையிலிருந்து திரும்பி வரும்போது ஒரு சிறு விஷயம். நேரே அடுக்கேற்றினால் கிடைப்பது இடைநிலை விசை, சராசரி விசை அல்ல. எச்சத்தின் திட்ட விலக்கம் 0.08 என்றால் வித்தியாசம் 0.3 சதவீதம், மறந்துவிடலாம். 0.3 என்றால் 4.6 சதவீதம், மறக்கக் கூடாது.

சரிபார்ப்பு வெட்டுகளை 24-இலிருந்தே ஐந்தைப் பிடுங்கி வைத்துச் செய்யாதீர்கள். அந்த ஐந்தும் அதே பட்டை, அதே கருவி, அதே நாளின் பிள்ளைகள், ஒத்துத்தான் போகும். ஒரு முழுப் பட்டையை ஒதுக்கி வைத்து மற்ற மூன்றால் அதைக் கணிக்க முடிகிறதா என்று பாருங்கள், நான்கு பட்டைக்கும் மாற்றி மாற்றி. அந்த நான்கு விலகல்களில் வரும் பெரியதுதான் பட்டறையில் உங்களுக்குக் காத்திருக்கும் விலகலுக்கு நெருக்கமானது.

நியூரல் நெட்வொர்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். 27 தரவுகளை வைத்து, ஓர் அடுக்கில் பத்துக் கணுக்கள் போட்டாலே கெழுக்கள் தரவைவிட அதிகமாகிவிடும். 0.999 வரும், வியப்பில்லை. பட்டறையில் தேய்ந்திருந்த கருவியைப் பற்றி அதற்கும் ஒன்றும் தெரியாது. ஆயிரக்கணக்கான வெட்டுகளின் சமிக்ஞை இருந்து, தேய்மானத்தை அதன் வடிவத்திலிருந்தே படிக்க வேண்டும் என்றால் அது நல்ல ஆயுதம். குறைந்த தரவில் வளைவு வேண்டும் என்று பிடிவாதம் இருந்தால் காசியன் செயல்முறை (Gaussian process) என்ற புள்ளியியல் முறை பரவாயில்லை. தன் ஐயத்தின் அளவையும் அது சேர்த்துச் சொல்லும்.

கடைசியாக, பட்டறைக்காரர் ஒவ்வொரு நாளும் டைனமோமீட்டர் வைத்துக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு, கருவியைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலின் மின்திறன்தான் கிடைக்கும். உங்கள் 12 மி.மீ. வெட்டுக்கு, மேலே போட்ட கணக்கின்படி தேவைப்படும் திறன் சுமார் 0.43 கிலோவாட். ஏழரை கிலோவாட் ஸ்பிண்டிலில் அது காற்றில் சுற்றும் இழப்போடு கலந்து தொலைந்துவிடும், அதை வைத்து விசை கணிக்க முயல வேண்டாம். அதே எஃகில் 63 மி.மீ. ஃபேஸ் மில் (மேற்பரப்பைத் தட்டையாகச் சீவும் அகலக் கருவி), ஐந்து பல், ஆழம் 3, அகலம் 45, ஃபீட் 0.15, வேகம் 150 என்று போட்டால் திறன் சுமார் 3.6 கிலோவாட் வரும். அங்கே மின்திறனைப் படித்து, காற்றில் சுற்றும்போது உள்ளதைக் கழித்து, வெட்டு வேகத்தால் வகுத்தால் சராசரித் தொடுகோட்டு விசை கிடைத்துவிடும். முதலில் அவருடைய ஃபேஸ் மில் வேலையில் இதைச் செய்து காட்டுங்கள். எண்ட் மில்லுக்கு, அந்த ஐந்து வெட்டுகளையும் ஃபீட் வரிசையில் அடுக்கிய படத்தையும், பட்டறையில் கிடந்த பட்டைத் துண்டின் பிரினெல் எண்ணையும் எழுதுங்கள். தேய்மானமா, எஃகா என்பதை அதிலிருந்தே சொல்லிவிடலாம்.